ஸதி: நினைவாற்றலா, கடைப்பிடியா?

பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் வரும் ‘ஸதி’யைக் கிரந்த எழுத்தை விட்டுவிட்டு எழுதினால் ‘சதி’ ஆகிவிடும். படிப்பவர் சூழ்ச்சி என்றோ உடன்கட்டை என்றோ எடுத்துக்கொள்வார். இன்று ஊரெல்லாம் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்று பேசுவது இந்தச் சொல்லைத்தான். இலங்கையில் அரசுப் பணியிலிருந்தபோது பாலி கற்ற ஆங்கிலேயர் ரைஸ் டேவிட்ஸ், 1881இல் வெளிவந்த தம் பௌத்த நூல் மொழிபெயர்ப்பில் அந்த ஆங்கிலச் சொல்லை நிலைநிறுத்தினார்.

இணையத்தில் இதற்குத் தமிழாக ‘நினைவாற்றல்’ என்று போட்டுவிடுகிறார்கள். வல்லாரைக் கீரை தின்றால் வளரும் என்று வீட்டில் சொல்வார்களே, அது நினைவாற்றல். புத்தர் பேசியது வேறு. ஆனால் அந்தப் பிழைக்குள்ளும் பாதி உண்மை இருக்கிறது. வடமொழி ‘ஸ்மிருதி’தான் பாலியில் ஸதி, வேர்ப்பொருள் நினைத்தல். நெடுநாள் முன் செய்ததையும் சொன்னதையும் மறவாதிருப்பவனையே புத்தர் உரைகளின் தொகுப்பான சம்யுத்த நிகாயம் ஸதி உடையவன் என்கிறது. வெறுமனே ‘இந்தக் கணத்தில் இரு’ என்பதல்ல. எதற்காக இருக்கிறோம் என்பதை இந்தக் கணத்திலும் மறவாமை.

இன்னொரு தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில் இதற்கு ஓர் அழகான உவமை உண்டு. ஸதி, எல்லைப்புறக் கோட்டையின் வாயிற்காவலன். தெரிந்தவரை உள்ளே விடுவான், தெரியாதவரைத் தடுப்பான். எல்லாவற்றையும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவனைக் காவலன் என்போமா?

பௌத்தம் எண்ணும் ஐந்து பலங்களில் ஸதியும் ஒன்று. இங்கே பலம் என்றால் பிறரை ஆட்டுவிப்பதன்று, தான் ஆட்டங்காணாதது. சோம்பலால் அசையாதது முயற்சியின் பலம். ‘பமாத’த்தால், அதாவது அசட்டையால், அசையாதது ஸதியின் பலம். இன்பத்தையும் இப்படியே சலித்துப் பார்க்கிறார்கள். ஸதியைப் பற்றிய புத்தர் உரையான ‘ஸதிபட்டான ஸுத்தம்’ சுகத்தை ‘ஸாமிச’, ‘நிராமிச’ என்று பிரிக்கிறது. ஆமிசம் என்றால் ஊன், தூண்டில் இரை. இரையோடு வரும் சுகம் ஒன்று, இரையில்லாத சுகம் ஒன்று. வந்தது எது என்று அறிந்துகொள்வதே அங்கே பயிற்சி.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘விழிப்புணர்வு’ பரவாயில்லை; ஆனால் அது டெங்கு ஒழிப்புப் பேரணிக்குப் போய்விட்டது. தமிழ்ப் பௌத்த நூல்களில் எண்வழியின் (புத்தர் சொன்ன எட்டு நெறிகளின்) ஏழாவதான ‘ஸம்மா ஸதி’யை ‘நற்கடைப்பிடி’ என்று எழுதுவதுண்டு. என் வாக்கு இதற்குத்தான். அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்று அகப்பொருள் தலைவனின் குணங்களைச் சொல்லும் பழைய உரைமரபு, ‘கொண்ட பொருள் மறவாமை’ என்றே கடைப்பிடிக்குப் பொருள் தருகிறது. பாலி விளக்கத்துக்கு இதைவிட நெருங்கிவர முடியாது.

பமாதத்துக்கும் தமிழில் தனிச்சொல் உண்டு: பொச்சாப்பு. அது இல்லாமையைப் பேச வள்ளுவர் ‘பொச்சாவாமை’ என்று 54ஆம் அதிகாரமே வைத்தார், அதுவும் ‘அரசியல்’ என்ற இயலில். ‘இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு’ என்று தொடங்குகிறது அது. அளவுமீறிய கோபத்தைவிட, களிப்பில் தன்னை மறப்பது அரசனுக்குக் கேடு. அதிகாரமும் மகிழ்ச்சியும் மறதியும் ஒரே குறளில்!

கடைப்பிடிக்கு ஒரு சங்கடம் உண்டு. ‘சாலை விதிகளைக் கடைப்பிடி’ என்ற பலகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஏவலாகத்தான் படும். அதனால் முதல்முறை எழுதும்போது மட்டும் பக்கத்தில் ‘மறவாமை’ என்றும் சேர்த்துவிடுகிறேன்.