கேம் அனிமேஷன் கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். காட்பாடியில் வீட்டிலிருந்தபடியே பெங்களூர் ஸ்டுடியோ ஒன்றுக்கு கேம் கேரக்டர் ரிக்கிங் (உருவத்துக்குள் எலும்புகளைப் பொருத்தி அதை அசையவைக்கும் வேலை) செய்கிறேன் என்பது தெரிந்தவர்கள் வழியாகக் குடியாத்தம், ஆற்காடு வரை போய்விட்டது. "சார், பையன் அனிமேஷன்தான் படிப்பேன்னு நிக்கிறான். ஃபீஸ் லட்சக்கணக்குல சொல்றாங்க. கட்டலாமா?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே சொல்லித் தருவது சினிமாவுக்கான அனிமேஷனா, கேமுக்கான அனிமேஷனா? பெற்றோருக்குத் தெரியாதது நியாயம்தான். அட்மிஷன் டேபிளில் உட்கார்ந்திருப்பவரும் "எல்லாமே வரும் சார்" என்றுதான் சொல்கிறார்.

எல்லாமே வராது. சினிமாவில் ஒரு ஃப்ரேமை ரெண்டர் செய்ய, அதாவது முழுப் படமாக்கி முடிக்க, கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் எடுத்துக்கொண்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பார்ப்பவருக்குப் போய்ச் சேருவது முடிந்த படம். கேம் அப்படியில்லை. செகண்டுக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லி செகண்டு. விளையாடுபவர் எந்த பட்டனை அழுத்தினார் என்று பார்த்து, உடம்பு அடுத்து எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்து, எலும்புகளை நகர்த்தி, தோலை இழுத்து, முகத்தையும் துணியையும் அசைத்து, வெளிச்சமும் போட்டு முடிக்க அவ்வளவு நேரம்தான். அதிலும் அனிமேஷனுக்கு ஒதுக்குவது சிறு பங்கு. நம் ஊர்ப் பசங்க பெரும்பாலும் போனில் விளையாடுகிறவர்கள். அங்கே சூடு, பேட்டரி என்று இன்னும் நெருக்கடி. சினிமாவில் கேமரா காட்டாத பக்கத்தைச் சும்மா விட்டுவிடலாம். கேமில் விளையாடுபவர் முதுகுப் பக்கம் போய் நின்று பார்ப்பார்.

ஆளை வைத்துப் படம்பிடித்து அசைவை எடுப்பது பழைய வழிதான். 1989-இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வுக்காக ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்தார். இன்று அந்த இடத்தில், போட்டிருப்பவரின் அசைவைப் பதிவுசெய்யும் மோஷன் கேப்சர் உடை. ஆனால் பதிவு செய்வது வேலையில் ஒரு பகுதிதான். நடை ஒரு பதிவு, ஓட்டம் ஒரு பதிவு, திரும்புவது ஒரு பதிவு என்று கையில் இருக்கும். விளையாடுபவர் பாதி ஓட்டத்தில் கன்ட்ரோலர் ஸ்டிக்கைச் சடாரென்று பின்பக்கம் இழுத்தால் என்ன காட்டுவது?

முன்பெல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியை ஒவ்வொன்றாகக் கையால் கட்டினோம். இப்போது பெரிய கேம்களில் மோஷன் மேட்சிங் என்ற முறை பரவியிருக்கிறது. மொத்தப் பதிவையும் என்ஜினிடம் (கேமை ஓட்டும் சாஃப்ட்வேர்) கொடுத்துவிட்டால், உடம்பு இப்போது இருக்கும் நிலைக்கும் விளையாடுபவர் போக நினைக்கும் பாதைக்கும் எந்தப் பதிவின் எந்த நொடி பொருந்துகிறது என்று செகண்டுக்குப் பல தடவை தேடி எடுத்துக்கொள்ளும். கேம் நிறுவனமான யூபிசாஃப்டின் சைமன் கிளாவே இதை 2016-இல் கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் விளக்கினார். இந்த முறையில் செய்த அவர்களுடைய 'ஃபார் ஹானர்' கேம் அடுத்த ஆண்டு வெளியானது. 2024-இல் அன்ரியல் என்ஜினோடு பழக, 500-க்கும் மேற்பட்ட அசைவுகளோடு ஒரு மாதிரி ப்ராஜெக்டை அந்த என்ஜினை உருவாக்கும் எபிக் நிறுவனம் இலவசமாகவே வெளியிட்டது. கோர்ஸில் சேரப்போகும் பையன் அதை இன்று ராத்திரியே டவுன்லோட் செய்யலாம்.

சரி, தரை சமமாக இல்லையென்றால்? ஸ்டுடியோவின் சமதளத்தில் எடுத்த நடையைப் படிக்கட்டில் ஓடவிட்டால் ஒரு பாதம் கல்லுக்குள் போகும், இன்னொன்று காற்றில் நிற்கும். என்ஜின் பாதத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு விட்டு உயரத்தைப் பார்த்து, முதலில் இடுப்பைக் கொஞ்சம் இறக்கி, பிறகு முழங்காலை மடக்கி, பாதத்தைக் கல்லின் சாய்வுக்குத் திருப்ப வேண்டும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு இறக்கினால் மனிதன் மாதிரி இருக்கும் என்பது எந்த ட்யூடோரியலிலும் கிடையாது. என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பசங்களைக் காட்பாடி ஸ்டேஷன் மேம்பாலத்துக்கு அனுப்புவேன். ரயில் வந்து நின்றதும் இறங்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கையில் பெட்டி வைத்திருப்பவரின் உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது, காலியான கை உடம்பைவிட்டு விலகுகிறது. முழங்கால் வலிக்காரர் வலிக்கும் காலை முதலில் இறக்கி, நல்ல காலை அதோடு சேர்க்கிறார். பிளாட்பாரம் டிக்கெட் செலவு மட்டும்தான்.

இன்னொன்றை நீங்களே செய்து பாருங்கள். முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புங்கள். மணிக்கட்டு முழுசாகத் திரும்பும், முழங்கைக்குப் பக்கத்தில் தோல் அசைவதே இல்லை. முன்கையில் இரண்டு எலும்புகள். ஒன்று மற்றதன்மேல் குறுக்கே போகிறது. ரிக்கில் ஒரே எலும்பைப் போட்டுவிட்டால் மொத்தத் திருப்பமும் மணிக்கட்டில் விழுந்து, அந்த இடம் முறுக்கிய சாக்லேட் பேப்பர் மாதிரி ஒடுங்கிவிடும். அதற்காகத்தான் முன்கையில் கூடுதலாக ட்விஸ்ட் எலும்புகள் வைத்துத் திருப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துவிடுகிறோம். ஒரு மாணவரின் மாடலைக் கையில் வாங்கியதும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது இந்த மணிக்கட்டைத்தான்.

வேலூர்க்காரர்கள் கையைப் பற்றிப் படிக்க வெளியூர் போக வேண்டியதில்லை. 1946-இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு நல்ல தசைநாணை மாற்றிப் பொருத்தி மறுபடி வேலை செய்யவைத்தார். எந்த நாண் எந்த மூட்டை இழுக்கிறது என்று தெரியாமல் அது நடக்காது. விரல்களுக்கு ரிக் போடுபவனுக்கும் அதே பாடம்தான். சாஃப்ட்வேர் பாடத்துக்கு முன்னால் உடற்கூறு புத்தகம் ஒன்றை வாங்கச் சொல்வது இதனால்தான்.

முகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே கருவிகள் நிறைய வேலையைச் செய்துவிடுகின்றன. 2011-இல் 'எல்.ஏ. நுவார்' கேமுக்கு நடிகர்களின் முகத்தைப் பதிவுசெய்ய 32 கேமராக்கள் தேவைப்பட்டன. இன்று ஐபோனின் முன்கேமரா முக அசைவை 52 அளவுகளாகப் பிரித்து நேரடியாகவே அனுப்புகிறது. கண் மட்டும் இன்னும் காட்டிக்கொடுக்கும். நகரும் பொருளைத் தொடரும்போது தவிர, நிஜக் கண் வழுக்கிக்கொண்டு போகாது, சின்னச் சின்னத் தாவலாகத் தாவும். கீழே பார்க்கும்போது மேல் இமையும் கூடவே இறங்கும். அதைச் செய்யாத முகம் எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறதோ அவ்வளவு பயமுறுத்தும்.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: வேட்டி. கடையில் கிடைக்கும் ரெடிமேட் ரிக்குகளில் பெரும்பாலானவை பேன்ட் போட்டவை. அதன்மேல் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டு ஓடச் சொன்னால் ஒவ்வொரு அடிக்கும் தொடை துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். துணிக்குத் தனியாக எலும்புச் சங்கிலிகள் போட்டு, தொடையில் கண்ணுக்குத் தெரியாத உருளைகளை மாட்டி, அவை துணியைத் தள்ளும்படி செய்ய வேண்டும். பழைய வட ஆற்காட்டின் தெருக்கூத்து வேஷம் இன்னும் கஷ்டம். பாவாடை விரிந்து சுழலும், ஆனால் தோள்கட்டையும் கிரீடமும் துளிகூட வளையக்கூடாது. வளைந்தால் ரப்பர் என்று தெரிந்துவிடும். கட்டையைக் கழற்றிவிட்டுக் கேப்சர் உடையில் ஆடவைத்தாலும் சரிவராது. கட்டை இருக்கும்போது கை எங்கே நிற்குமோ அதைத் தாண்டிப் போய்விடும். அதே அளவில் ஸ்பாஞ்சில் ஒன்று செய்து மாட்டித்தான் ஆடச் சொல்ல வேண்டும். (கூத்துக் கலைஞரையோ சிலம்பக்காரரையோ பதிவு செய்ய யாராவது கூப்பிட்டால், எந்தக் கேமுக்கு, எத்தனை வருஷம், ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்துவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அமெரிக்காவில் கேம் நடிகர்கள் 2024 ஜூலையில் ஸ்ட்ரைக்கில் இறங்கியதே ஏஐ விஷயத்துக்காகத்தான்.)

"ஏஐ எல்லாத்தையும் செஞ்சிடுமாமே, அப்புறம் எதுக்கு இந்தப் படிப்பு?" என்றும் கேட்கிறார்கள். போனில் எடுத்த வீடியோவிலிருந்தே அசைவை எடுத்துக் கொடுக்கும் கருவிகள் வந்துவிட்டன, நானும் பயன்படுத்துகிறேன். வருவதில் பாதம் வழுக்கும், கை உடம்புக்குள் போகும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. பட்டனை மட்டும் அழுத்தத் தெரிந்தவருக்கு இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே இன்ஸ்டிடியூட்டுக்குப் போனால் அவர்கள் டிவியில் ஓட்டும் ஷோரீலைப் பார்த்துவிட்டு வராதீர்கள். வீடியோவில் பிசகிய இடத்தையெல்லாம் வெட்டிவிடலாம். படித்து முடித்த மாணவர் செய்த கேரக்டரை என்ஜினில் திறக்கச் சொல்லி, கன்ட்ரோலரைப் பையன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். படியேற்றிப் பார்க்கட்டும், ஓட்டத்தில் திடீரென்று நிறுத்தட்டும், கேமராவைக் காலுக்குக் கொண்டுபோகட்டும். அதே கேரக்டர் சாதாரண ஆண்ட்ராய்டு போனில் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். காட்ட எதுவும் இல்லையென்றால் அங்கே நடப்பது சினிமா கோர்ஸ், அல்லது வெறும் சாஃப்ட்வேர் கோர்ஸ். அதுவே வேண்டுமென்றால் தாராளமாகச் சேரலாம், கேம் வேலை என்று நம்பிச் சேர வேண்டாம். பாதியில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை ரசீதோடு எழுதி வாங்குங்கள்.

லேப்டாப்பும் முதல் மாதமே வாங்க வேண்டியதில்லை. மாடல், ரிக், அனிமேஷன் செய்யும் பிளெண்டர் சாஃப்ட்வேர் இலவசம், அன்ரியல் படிப்பவர்களுக்கு இலவசம். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் பிளெண்டரைப் போட்டு, ஒரு முன்கையை மட்டும் ரிக் செய்து, மணிக்கட்டு ஒடுங்காமல் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அந்த வேலையில் பையன் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தால் எனக்கு இன்னொரு தடவை போன் போடுங்கள், எந்த மெஷின் வாங்கலாம் என்று பேசலாம்.