லேசர், ஸ்டென்ட், காப்பீட்டு அட்டை: பணம் கட்டும் முன் கவனியுங்கள்

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கைக்காசு இல்லாமல் சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. திட்டம் இவ்வளவுதான். அலைச்சல் இதற்கப்புறம்தான்.

ஆஞ்சியோ (அடைப்பு எங்கே என்று காட்டும் ரத்தக்குழாய்ப் படம்) முடிந்ததும், "உடனே ஸ்டென்ட் (குழாயைத் திறந்தே வைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்கணும், இப்போ பணம் கட்டுங்க, அட்டையை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்த 'அப்புறம்' வரவே வராது. இது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் இல்லை. சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனை காப்பீட்டுத் திட்டத்திடம் முன் அனுமதி கேட்டு வாங்க வேண்டும். நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, ரசீதும் கையுமாக மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மாரடைப்பு என்றால் காகிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். ஆனால் சேர்க்கும்போதே அட்டையை நீட்டுங்கள்.

வாசலில் திட்டத்தின் பலகை இருப்பது போதாது. எலும்பு சிகிச்சைக்கு மட்டும் இணைந்திருக்கும் மருத்துவமனையிலும் அதே பலகைதான் தொங்கும். "இதய சிகிச்சைக்கு உங்களுக்கு அனுமதி உண்டா?" என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

அடுத்தது லேசர். குழாய்க்குள் மெல்லிய வடிகுழாயைச் செலுத்தி, அடைப்பை லேசரால் சிதைத்து வழி உண்டாக்குவார்கள். குழாயை விரிக்கும் சிறு பலூன் நுழைய முடியாத கெட்டியான அடைப்பு, பழைய ஸ்டென்டுக்குள் மறுபடி வந்த அடைப்பு போன்றவற்றுக்கே இது பெரும்பாலும் தேவைப்படும். அதன் பிறகும் பலூன், ஸ்டென்ட் வைப்பது வழக்கம். அதனால் யாராவது லேசர் என்றதும், எனக்கு ஏன் அது வேண்டும், முன் அனுமதியில் அது சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடமே கேளுங்கள். சேரவில்லை என்றால் எவ்வளவு கேட்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை டிஸ்சார்ஜ் அன்று மாறிவிடும்.

அட்டை இல்லாதவர்கள் முதலில் ரேஷன் கார்டைப் பாருங்கள். நோயாளியின் பெயர் அதில் இருக்க வேண்டும். மூத்த மகன் கார்டில் பெயர், இளையவன் வீட்டில் வாசம் என்றிருக்கும் அம்மாக்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பெயரைச் சரிசெய்த பிறகே வருமானச் சான்று, அதன் பிறகே கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையம். வரிசை மாறினால் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கைகாட்டும். ஆதாரையும் கையோடு கொண்டுபோங்கள். அடைப்பு என்று தெரிந்த அன்றே இதைத் தொடங்குங்கள்.

மருத்துவமனை கூடுதல் பணம் கேட்டால் 1800 425 3993 இலவச எண்ணில் புகார் சொல்லுங்கள். நோயாளி உள்ளே இருக்கும்போதே சொல்லுங்கள், பில் கட்டிய பிறகு அல்ல.