தலைகீழ் அடமானமா, வரவு அடமானமா?

போன மாதம் எங்கள் அத்தையைக் கூட்டிக்கொண்டு வேலூரில் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். எந்த வங்கி என்பது வேண்டாம். அத்தைக்கு 71 வயது, காட்பாடி காந்தி நகரில் சொந்த வீடு. மாமா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 1984இல் வாங்கிய மனை, பத்திரம் அத்தை பெயரிலேயே இருக்கிறது, அதில் மாவட்டம் வட ஆற்காடு என்று போட்டிருக்கும். பையன் பெங்களூரில், பெண் சிங்கப்பூரில். மாமா போன பிறகு வருகிற பி.எஃப். பென்ஷன் மருந்துக்கடைக்கும் கரண்ட் பில்லுக்குமே சரியாகப் போகிறது. மாடிச் சுவர் ஓதம் அடித்துப் பெயர்ந்து நிற்கிறது, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைக்க வேண்டும். வீடு லட்சக்கணக்கில் பெறும், கையில் ஆயிரம் ரூபாய் இல்லை. பிள்ளைகளிடம் கேட்கவும் மனசில்லை, வீட்டை விற்றுவிட்டு பெங்களூர் அடுக்குமாடியில் போய் உட்காரவும் மனசில்லை.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கென்றே ஒரு கடன் இருக்கிறது என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். அங்கே இருந்த பையன் நல்ல பையன், உட்காரச் சொல்லி ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தான். மேலே பெரிய எழுத்தில் ‘தலைகீழ் அடமானக் கடன்’. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “தலைகீழா? இன்னாடா இது, வீடு கவுந்துடுமா?” என்று கேட்டார். அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பையன் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

நாளிதழ் இணைப்புகளில், போட்டித் தேர்வுக் குறிப்புகளில், யூடியூபில் பணம் பெருக்க வழி சொல்கிறவர்களின் வாயில் எல்லாம் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிப்போயிருந்தது. அன்றைக்குத்தான் பொறுக்கவில்லை.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். சொந்தமாகச் சம்பாதித்து, சொந்தமாகக் குடியிருக்கிற வீட்டை 60 வயது கடந்தவர் வங்கியில் அடமானம் வைக்கிறார். தம்பதியாக வாங்கினால் ஒருவருக்கு 60 ஆகியிருக்க வேண்டும், மற்றவருக்கு 55க்குக் குறையக் கூடாது. வங்கி மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ பணம் தரும். அவர் அதே வீட்டில்தான் இருப்பார், உயிரோடு இருக்கும்வரை திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இருவர் காலமும் முடிந்த பிறகு, வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வங்கி விற்றுத் தன் பாக்கியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடும். விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை என்றாலும் பிள்ளைகள் தலையில் விழாது. 2007–08 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அறிவித்தது, தேசிய வீட்டு வசதி வங்கி விதிமுறைகள் வகுத்தது.

ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘ரிவர்ஸ் மார்ட்கேஜ்’. மார்ட்கேஜ் என்பதே பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது: ‘மோர்’ என்றால் செத்தது, ‘காஜ்’ என்றால் பிணை. செத்த பிணை. கடன் கட்டாவிட்டால் நிலம் உனக்குச் செத்தது, கட்டிவிட்டால் பிணை கடன் கொடுத்தவனுக்குச் செத்தது என்று எட்வர்ட் கோக் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் 17ஆம் நூற்றாண்டில் விளக்கம் சொன்னார். ‘ரிவர்ஸ்’ ஒட்டிக்கொண்டது அமெரிக்காவில். வழக்கமான வீட்டுக் கடனில் நாம் வங்கிக்கு மாதத் தவணை கட்டுகிறோம், இதில் வங்கி நமக்குத் தருகிறது, பணம் போகும் திசை மாறுகிறது. அந்த ஒரு காரணம்தான்.

நம்முடைய அடமானம் என்ன சொல் என்று பார்த்தால், பழைய பத்திரங்களில் ‘அடைமானம்’ என்றே இருக்கும். அடை என்ற வேரோடு ‘மானம்’ என்கிற ஈறு சேர்ந்தது. வருமானம், பெறுமானம், பிடிமானம், கட்டுமானம் எல்லாவற்றிலும் இருக்கிறதே, அந்த மானம். கௌரவம் என்கிற மானத்துக்கும் இதற்கும் ஒரு உறவும் கிடையாது. ஆனால் காதுக்கு அந்த மானம்தான் கேட்கிறது, அதனால்தான் வீட்டை அடமானம் வைப்பது என்றாலே நம்மூரில் குரல் தாழ்ந்துவிடுகிறது. ஏற்கெனவே சுமை ஏறிய சொல். அதன் தலையில் ‘தலைகீழ்’ என்று வேறு ஏற்றி வைத்தால் என்ன ஆகும்?

தமிழில் தலைகீழ் எங்கெல்லாம் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். குடும்பம் தலைகீழாப் போச்சு. லாரி தலைகீழாகக் கவிழ்ந்தது. தலைகீழாக நின்றாலும் நடக்காது. வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிப்பான் என்று ஒன்றே ஒன்றுதான் நல்லதாக வருகிறது. பணத்தோடும் வீட்டோடும் சேர்ந்து வரும்போது தலைகீழ் என்றால் நாசம் என்றுதான் பொருள், வேறு பொருள் இல்லை. ஆங்கிலத்தில் ரிவர்ஸுக்கு அந்த அழுகை கிடையாது. வண்டியை ரிவர்ஸ் எடுக்கிற சாதாரணச் சொல் அது. அகராதியைத் திறந்து முதல் வரியில் கிடைத்ததை எடுத்து ஒட்டியவருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் நமக்கென்ன என்று விட்டுவிட்டார்.

காதுக்குக் கெட்டது என்பது இருக்கட்டும், பொருளே தப்பு. இதில் அடமானம் எங்கே தலைகீழானது? வீடு வங்கியிடம்தான் பிணையாக இருக்கிறது, எல்லா அடமானத்திலும் இருப்பதுபோல. மூலப் பத்திரம் வங்கியின் பெட்டகத்தில். வட்டி ஏறுகிறது. மாறியது பணம் வரும் திசை, அடமானம் நேராகத்தான் நிற்கிறது. உண்மையிலேயே தலைகீழாக வேண்டுமென்றால் வங்கிக்காரர் தன் கட்டடத்தை அத்தையிடம் அடகு வைக்க வேண்டும். வைப்பாரா?

சரி, வேறு சொற்கள் இல்லையா என்றால், இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு விதத்தில் சறுக்குகிறது. ‘எதிர்மறை அடமானம்’ என்று ஓரிடத்தில் பார்த்தேன், எழுதியவருக்கு ரிவர்ஸும் நெகடிவும் ஒன்று போல. ‘மறு அடமானம்’ என்று ஒன்று. வேலூர் லாங்கு பஜாரில் எந்த அடகுக் கடையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மறு அடகு என்றால் ஏற்கெனவே வைத்த நகையை இன்னொரு இடத்தில் வைப்பது அல்லது புதுச்சீட்டு போடுவது. ‘திருப்பு அடமானம்’ என்று ஒரு நண்பர் சொன்னார், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தெற்கே போனால் ‘நகையைத் திருப்பிட்டேன்’ என்றால் மீட்டுவிட்டேன் என்று அர்த்தம். நாம் ‘மூட்டிட்டேன்’ என்போம். கடன் வாங்குகிற இடத்தில் கடன் அடைத்த சொல்லைப் போட்டால் விளங்கிடும்.

இங்கிலாந்துக்காரர்களே இந்த ரிவர்ஸைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டு ‘லைஃப்டைம் மார்ட்கேஜ்’ என்கிறார்கள். அதைப் பார்த்து ‘ஆயுள் அடமானம்’ என்று வைக்கலாமே என்று எனக்கும் ஒரு நாள் தோன்றியது. அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். “உயிரை அடகு வைக்கிறதா?” என்றார். ஆயுளுக்குப் பக்கத்தில் தண்டனைதான் நமக்கு உடனே ஞாபகம் வருகிறது. இன்னொன்று, நம் நாட்டுத் திட்டத்தில் வங்கி பணம் தருவதற்குக் காலவரம்பு உண்டு, முதலில் 15 வருஷம் என்று இருந்து பிறகு 20 ஆனது. அதற்கப்புறமும் வீட்டில் இருக்கலாம், பணம்தான் வராது. காப்பீட்டு நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டு ஆயுள் முழுக்கத் தருகிற வகை பின்னால் வந்தது, அது தனி. அதனால் ஆயுள் என்று பொதுவாகப் போட்டால் பொய்யாகிவிடும். (பிரான்சில் ‘வியாஜே’ என்று ஒரு வழக்கம், அது விற்பனை, அடமானமில்லை: வாங்குகிறவர் மாதாமாதம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், விற்றவர் காலம் முடிந்த பிறகுதான் வீடு. 1965இல் ஜான் கால்மான் என்ற 90 வயது அம்மாவிடம் ஒரு வக்கீல் மாதம் 2,500 பிராங்குக்கு இப்படி ஒப்பந்தம் போட்டார். அவர் 30 வருஷம் கொடுத்துவிட்டு 1995இல் இறந்துபோனார், அந்த அம்மா 122 வயதுவரை இருந்தார்.)

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வருவது ‘வீட்டு ஓய்வூதியம்’ என்கிறவர்கள் மேல்தான். தலைகீழ் பயமுறுத்துகிறது, இது ஏமாற்றுகிறது. பென்ஷன் என்றால் உழைத்ததற்கு வருவது, அதற்கு வட்டி ஏறாது. இதற்கு ஏறும். ஒரு பேச்சுக்கு மாதம் 10,000 ரூபாய், 15 வருஷம், வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் வாங்கியது 18 லட்சம். மாத வட்டியாகக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் நிற்கும் கடன் 41 லட்சத்துக்கு மேல். இது தெரிந்து வாங்கினால் ஒரு குற்றமும் இல்லை, தன் வீட்டைத் தானே சாப்பிடுவதில் யாருக்கு என்ன? தெரியாமல் பென்ஷன் என்று நம்பி வாங்குவதுதான் அநியாயம். இன்னும் ஒன்று: ஓய்வூதியத்துக்கு வருமான வரி உண்டு, இதற்குக் கிடையாது. 2008இல் சட்டத்தைத் திருத்தி இந்தப் பணம் வருமானம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். கடன் வாங்கிய பணத்துக்கு எவன் வரி போடுவான்? சட்டமே ஒப்புக்கொண்டதை விளம்பரம் மறைக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களைத் திட்டக் கிளம்பினால் இங்கே முடியாது, ஆனாலும் அந்தத் துண்டுத்தாளில் இருந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ‘உங்கள் வீட்டின் பங்கைப் பணமாக்குங்கள்’ என்று ஒரு வரி. ‘ஈக்விட்டி’ என்பதைப் பங்கு ஆக்கியிருக்கிறார்கள். பங்குச் சந்தையில் அது பங்கு, வீட்டில் அது, கடன் போக நமக்கு மிஞ்சுகிற மதிப்பு. நம்மூரில் வீட்டில் பங்கு என்றால் அண்ணன் தம்பி பாகம். அதைப் படித்துவிட்டு அத்தையின் மகன் பெங்களூரிலிருந்து போன் பண்ணி, “யாருக்கும்மா பங்கு பிரிக்கிறே?” என்று கேட்டான். அதே தாளில் ‘தங்கள் இடத்திலேயே முதுமையடையுங்கள்’ என்று ஒரு வாழ்த்து வேறு. ‘ஏஜிங் இன் பிளேஸ்’ என்பதாம். சாபம் மாதிரி இருக்கிறது. இருந்த வீட்டிலேயே இருந்து கண்ணை மூட வேண்டும் என்று நம் கிழவிகள் சொல்லாத நாள் உண்டா? அந்த வாக்கியத்தை எடுத்திருந்தால் மொழிபெயர்ப்புக் கூலிகூட மிச்சம்.

இத்தனைக்கும் அடமான வகைகளைச் சொல்ல நம் பத்திர எழுத்தர்களிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. 1882ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம் பிரித்துச் சொன்ன வகைகளுக்கு அவர்கள் புழக்கத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். கடன் கொடுத்தவனே வீட்டில் குடியேறி அனுபவித்தால் போக்கியம், தெற்கே ஒத்தி. வீட்டைக் கையில் கொடுக்காமல் வைத்தால் சுவாதீனமில்லாத அடமானம். போக்கியம் வடமொழிதான், இருந்துவிட்டுப் போகட்டும், வேலூரில் வாடகைக்கு வீடு தேடுகிற எவனுக்கும் அதைத் தனியாக விளக்க வேண்டாம். தனித்தமிழில் ‘மூப்புண்கடன்’ என்று ஆக்கி அதற்கு அடிக்குறிப்பு எழுதுவதைவிட எனக்குப் போக்கியம் மேல். அத்தைக்குக் கடைசியில் நான் விளக்கியதும் போக்கியத்தை வைத்துத்தான்: போக்கியத்தில் பணம் கொடுத்தவன் வீட்டில் இருப்பான், இதில் பணம் வாங்கின நீங்களே இருப்பீர்கள். ஒரே வாக்கியம், புரிந்துவிட்டது.

எனக்குச் சரி என்று படுவது ‘வரவு அடமானம்’. அடமானம் என்ற சொல் இருக்க வேண்டும், வீடு பிணையில் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. வழக்கமான வீட்டுக் கடனில் மாதம் பிறந்தால் செலவு, இதில் மாதம் பிறந்தால் வரவு, வேறுபாடு அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. வருமானம் என்று போடவில்லை, கவனியுங்கள். வருமானம் என்றால் சம்பாத்தியம். வரவு அப்படியில்லை. மாமாவின் பழைய கணக்கு நோட்டுகள் இன்னும் அந்த வீட்டு அலமாரியில் இருக்கின்றன, கைமாற்றாக வாங்கிய 500 ரூபாயைக்கூட அவர் வரவுப் பக்கத்தில்தான் எழுதி, எதிரே யாருக்குத் தர வேண்டும் என்று குறித்திருக்கிறார். கடனும் வரவுதான், ஆனால் திரும்பக் கேட்கிற வரவு. நண்பர் ஒருவர், வரவு என்றால் வட்டி ஏறுவது தெரியவில்லையே என்றார். அடமானம் என்று பக்கத்தில் இருக்கும்போது வட்டி இல்லை என்று நினைக்கிற தமிழன் யார்? ‘முதியோர்’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளட்டும்.

அத்தை அந்தக் கடனை வாங்கவில்லை. மாடியைப் பூசிப் போக்கியத்துக்கு விடலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். பாஸ்புக்கில் வரவு போட நான் மறுபடி அந்த வங்கிக்குப் போனபோது மேசையில் அதே தாள் கட்டுக் கட்டாக இருந்தது. ஒன்றை எடுத்துத் தலைகீழை அடித்துவிட்டு மேலே பேனாவால் ‘வரவு’ என்று எழுதினேன். மேலிடத்திலிருந்து அச்சடித்து வருவது சார், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றான் பையன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்தார். “வரவு அடமானமா? மாசம் எவ்ளோ வரும், வட்டி இன்னா போடறாங்க?” என்று அவனிடமே கேட்டார்.