பீக்கன் மாட்டினால் மட்டும் வழி தெரிந்துவிடாது: கட்டட நிர்வாகங்கள் கவனிக்க வேண்டியவை

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் எல்ஆர்டி ரயிலை விட்டு இறங்கியவர் மோனோரெயில் ஏற வேண்டுமானால் நூ சென்ட்ரல் பேரங்காடிக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். எம்ஆர்டி ரயிலுக்கு வேறு பக்கம். நீண்ட இணைப்பு நடைபாதை வழியாக முசியம் நெகாரா நிலையத்துக்கு நடக்க வேண்டும். பலகையைப் படிக்க முடிந்தவர்களே ஒரு முறையாவது நின்று யோசிக்கும் இடம் அது. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பதும் அந்த நிலையம் அமைந்த அதே பிரிக்பீல்ட்ஸ் பகுதியில்தான். வெள்ளைக்கோலோடு அந்தப் பக்கம் நடப்பவர்களுக்குத் தெருவில் மஞ்சள் நிறத் தொடு ஓடுகளும் கைப்பேசியின் ஜிபிஎஸும் துணை. கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஜிபிஎஸ் கைவிட்டுவிடும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்தச் சமிக்ஞைக்கு கான்கிரீட் தளங்களைத் தாண்டும் வலு இல்லை. கண்ணாடி வழியாக உள்ளே வரும் கொஞ்சமும் சுவர்களில் பட்டுத் தெறித்து, நம்மைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தும்.

பேரங்காடி, மருத்துவமனை, நிலையம், அலுவலகக் கோபுரம் என்று எங்கு பார்த்தாலும், சுவரில் மாட்டிய பீக்கன் கருவிகளின் சமிக்ஞையை வைத்துக் கட்டடத்துக்குள் வழிகாட்டும் கைப்பேசிச் செயலி பற்றி இப்போது பேச்சு எழுகிறது. விற்க வருகிறவர்கள் முதலில் சொல்வது "2 மீட்டர் துல்லியம்". அந்த எண்ணை நம்பிக் கையெழுத்திடும் நிர்வாகங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. இறுதியாண்டுத் திட்டமாக இதை எடுக்கும் மாணவர்களுக்கும் உதவும். இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் வானொலி அலையால் தோற்பதில்லை. மின்தூக்கி பழுதானது செயலிக்குத் தெரியாது, மாடியின் பெயர் குழம்பும், மின்கலம் தீர்ந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள். தோல்வி அங்கேதான் தொடங்குகிறது. கண் தெரியாதவருக்குத் தவறாக வழி சொல்லும் செயலியைவிடச் செயலியே இல்லாதிருப்பது மேல். அவர் குறைந்தபட்சம் யாரிடமாவது கேட்டுப் போவார்.

தூரத்தைச் சொல்லாத சமிக்ஞை

பீக்கன் என்பது தீப்பெட்டி அளவிலான புளூடூத் கருவி. ஆப்பிள் 2013இல் அறிமுகப்படுத்திய ஐபீக்கன் முறையில் அது ஓயாமல் அனுப்புவது நான்கே செய்திகள்: நிறுவன அடையாளம், பெரிய எண், சிறிய எண், ஒரு மீட்டர் தொலைவில் தன் வலு எவ்வளவு என்ற அளவு. கைப்பேசி அந்த எண்களைக் கேட்டு, வந்து சேர்ந்த வலுவை வைத்துத் தூரத்தை மதிப்பிடுகிறது. கஷ்டம் அந்த மதிப்பீட்டில்தான். ஒரு மீட்டரில் கழித்தல் 59 டிபிஎம் (சமிக்ஞை வலுவின் அலகு) இருக்கும் பீக்கன், உங்கள் கைப்பேசியில் கழித்தல் 79 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளிக்கான கணக்கில் (தூரத்தோடு வலு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று காட்டும் தேய்மான அடுக்கு 2) அது 10 மீட்டர். தடுப்புகள் நிறைந்த உள்ளறைக்கான கணக்கில் (அடுக்கு 3) அதே எண் 4.6 மீட்டர். நீங்கள் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பீக்கனுக்கு முதுகைக் காட்டினால் இன்னும் 10 டெசிபெல் குறைவது சாதாரணம். இப்போது அந்த 4.6 மீட்டர் 10 மீட்டராகிவிடும். ஆள் ஓர் அடிகூட நகரவில்லை.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் விழுங்கும். மனித உடம்பில் பெரும்பகுதி நீர். செவ்வாய்க்கிழமை காலை ஆளில்லாத தளத்தில் எடுத்த அளவு சனிக்கிழமை மாலைக்குப் பொருந்தாததற்கு இதுதான் காரணம். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் ஹரி ராயாவுக்கும் நடுக்கூடத்தில் இரும்புச் சட்டம் போட்டு அலங்காரம் எழுப்பும்போது அலைகளின் போக்கே மாறிவிடும். அந்த வாரங்களில் மட்டும் நடுக்கூடத்தை ஒட்டிய வழிகளைச் செயலி தவிர்க்கும்படி செய்வதே நல்லது. கூடத்தை அடைத்துப் போடும் பெரிய கோலமும் இதே கணக்கில் சேரும். அதை மிதித்துவிடுவோமோ என்ற தயக்கத்தைக் கண் தெரியாதவருக்குக் கொடுக்கவே வேண்டாம்.

ஒவ்வோர் இடத்திலும் வைஃபை சமிக்ஞைகளின் வலு எப்படி என்று முன்பே பதிந்துவைத்து, அதோடு ஒப்பிட்டு இடம் கண்டுபிடிக்கும் வழியும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ரேடார் என்ற ஆய்வு 2000ஆம் ஆண்டிலேயே இரண்டு மூன்று மீட்டர் பிழையில் இதைச் செய்து காட்டியது. இன்று அதைப் பொதுமக்களின் கைப்பேசியில் கொண்டுவருவது கடினம். ஐபோன் தன்னைச் சுற்றியுள்ள வைஃபை வலுக்களைச் செயலிகளுக்குத் தருவதில்லை. ஆண்ட்ராய்டு 9 முதல் ஒரு செயலி இரண்டு நிமிடத்தில் நான்கு முறைதான் தேடலாம். நடந்துகொண்டே இருப்பவருக்கு அரை நிமிடத்துக்கு ஒரு பதில் எதற்கும் உதவாது. எனவே எல்லாக் கைப்பேசிக்கும் பொதுவாக வேண்டுமென்றால் இப்போதைக்குப் பீக்கன்தான்.

மாட்டும்போது

நடைகூடத்தில் 6 முதல் 8 மீட்டருக்கு ஒன்று, தரையிலிருந்து இரண்டரை முதல் 3 மீட்டர் உயரத்தில். 100 மீட்டர் நடைகூடத்துக்குப் பதின்மூன்று முதல் பதினெட்டு வரை வேண்டும். வழி பிரியும் இடம், மின்தூக்கி வாசல், மின்படிக்கட்டின் மேலும் கீழும், பயணச்சீட்டு வாயில் ஆகியவற்றுக்குத் தனியாக ஒவ்வொன்று. இரும்பு உத்தரத்தில் ஒட்டாதீர்கள். அலுமினியக் கூரைத் தகட்டுக்கு மேலே ஒளித்துவைத்தால் அழகாகத்தான் இருக்கும். சமிக்ஞை கீழே வராது. குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடமும் குளிர்நீர்க் குழாயின் பக்கமும் வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் அங்கே வியர்த்து நீர் கோத்து, மின்கல முனைகள் பச்சை பிடித்துவிடும். இருபக்க ஒட்டு நாடாவை நம்புவதென்றால் சுவரை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். சுண்ணாம்பு உதிரும் சுவரில் திருகாணிதான் நிற்கும். வாங்குமுன் சிரிம் தரச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் எதையும் சுவரில் ஏற்றாதீர்கள்.

நடுக்கூடம் திறந்திருக்கும் பேரங்காடியில் இன்னொரு சங்கடம். மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் இருக்கும் பீக்கன், தரைத்தளத்தில் தூணுக்குப் பின்னால் இருப்பதைவிடப் பலமாகக் கேட்கும். செயலி உங்களை மூன்று மாடி தூக்கிவிடும். கூடத்தை ஒட்டிய பீக்கன்களின் வலுவைக் கழித்தல் 12 டிபிஎம் அளவுக்கு இறக்கிவிட்டுச் சுவர்ப்பக்கமாகத் தள்ளி வைப்பது ஓரளவு கைகொடுக்கும்.

மாடியை அறிய கைப்பேசியின் காற்றழுத்த உணரியைப் பயன்படுத்தலாம் என்பார்கள். 4 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 0.46 ஹெக்டோபாஸ்கல் குறையும். உணரிக்கு அது தெரியும். ஆனால் பூமத்திய ரேகைப் பகுதியில் காற்றழுத்தம் தினமும் கடல் அலைபோல் ஏறி இறங்குகிறது: காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நான்கு மணிவாக்கில் இறக்கம், இடையில் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். கணக்கில் அது ஆறு மாடி. மாலை இடிமழைக்கு முன் இன்னும் ஆட்டம். குளிர்நாட்டில் எழுதிய செயலியை அப்படியே கொண்டுவந்தால், தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கும் ஆளை அது மெல்ல மெல்ல மாடிக்கு ஏற்றும். ஒரு நிமிடத்துக்குள் நடக்கும் ஏற்ற இறக்கத்தை மட்டும் கணக்கில் எடுங்கள், அல்லது கட்டடத்திலேயே ஒப்பீட்டுக்கு ஓர் அழுத்த உணரியை நிலையாக வையுங்கள்.

மின்கலத்தின் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு முறை ஒலிபரப்ப 15 மைக்ரோகூலோம் மின்னூட்டம் செலவு என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்குப் பத்து முறை அனுப்பினால் 1,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட சிஆர்2477 மின்கலம் ஒன்பது மாதத்தில் தீரும். 300 மில்லிவினாடிக்கு ஒரு முறை என்றால் இரண்டே கால் ஆண்டு. வினாடிக்கு ஒரு முறை என்று இன்னும் சிக்கனம் பிடித்தால், நடப்பவர் ஒவ்வொரு செய்திக்கும் 1.2 மீட்டர் தாண்டிவிடுவார், அதிலும் சிலவற்றைக் கைப்பேசி தவறவிடும். வழிகாட்டுதலுக்கு 300 நல்ல நடு அளவு. அப்போதும் ஆட்டத்தைக் குறைக்க மூன்று வினாடிச் செய்திகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தாக வேண்டும்; அந்தச் சராசரி, ஆள் கடந்து வந்துவிட்ட, 1.8 மீட்டர் பின்னால் உள்ள இடத்தைச் சொல்லும். சந்தியில் வந்து "திரும்புங்கள்" என்று சொன்னால் அவர் சுவரில் போய் முட்டியிருப்பார். அறிவிப்பு இரண்டு மூன்று மீட்டர் முன்பே வர வேண்டும்.

இடத்தின் பொருள்

ஆய்வாளர்கள் பொருளுணர் சேவை என்று சொல்வதைப் பேச்சுத் தமிழில் சொன்னால், ஆள் எங்கே நிற்கிறார் என்பதோடு அந்த இடம் என்ன, அவரால் அங்கே என்ன செய்ய முடியும் என்பதும் செயலிக்குத் தெரிந்திருப்பது. வேலையில் பெரும்பங்கு இதற்குத்தான் போக வேண்டும்.

மாடிப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கட்டடங்களில் எல்ஜி, ஜி, யுஜி, எம் (கீழ்த் தரைத்தளம், தரைத்தளம், மேல் தரைத்தளம், இடைத்தளம்) என்று வரும். நான்கை விரும்பாததால் 3ஏ வரும், பதிமூன்று சில இடங்களில் 12ஏ ஆகும். மேட்டில் கட்டிய கட்டடத்தில் ஒரு சாலையிலிருந்து நுழைந்தால் ஜி, பின்பக்கச் சாலையிலிருந்து நுழைந்தால் எல்ஜி. மாடியை அதன் பெயரால் கணக்கிடும் நிரல், 3இலிருந்து 5க்கு இரண்டு மாடி என்று சொல்லும். நடுவில் இருப்பது 3ஏ மட்டும்தான் என்றால் கணக்கு தற்செயலாகச் சரி, அடுத்த கட்டடத்தில் தவறு. வரிசை எண் ஒன்று, பலகையில் இருக்கும் பெயர் வேறொன்று என இரண்டையும் தனித்தனியே வையுங்கள். ஆப்பிள் உருவாக்கி, 2021இல் ஓஜிசி என்ற புவியியல் தரவுத் தர அமைப்பு ஏற்றுக்கொண்ட ஐஎம்டிஎஃப் என்ற உள்ளரங்க வரைபட வடிவம் இதைத்தான் செய்கிறது.

அதேபோல் தண்டாஸ், கழிவறை, டாய்லெட் மூன்றும் ஒரே இடத்தின் மூன்று பெயர்கள். இடத்துக்கு ஓர் அடையாள எண். பெயர்கள் அதன்மேல் ஒட்டிய சீட்டுகள். தமிழில் தேடுகிறவருக்கும் பலகையில் மலாய் மொழியில் உள்ள பெயரைச் சேர்த்தே சொல்லுங்கள், வழியில் யாரிடமாவது கேட்க அதுதான் உதவும். கடையை அடையாளமாகச் சொல்லாதீர்கள். அடுத்த ஆண்டு அங்கே வேறு கடை இருக்கும். தூண், தகவல் முகப்பு, தரை மாறும் இடம் இவை நிலைக்கும்.

வழியும் ஆளுக்கு ஆள் மாறும். சக்கர நாற்காலிக்குப் படிக்கட்டும் மின்படிக்கட்டும் இல்லாத, 1:12ஐவிடச் செங்குத்தாக இல்லாத சாய்தளம் வேண்டும். கண் தெரியாதவர்களில் பலருக்குக் கைப்பிடியுள்ள சாதாரணப் படிக்கட்டு, மின்படிக்கட்டைவிட நிம்மதி. இருவரையும் "மாற்றுத்திறனாளி வழி" என்று ஒரே பொத்தானில் அடைப்பது வசதியாக இருக்கலாம், சரியல்ல.

குரல் அறிவிப்பைத் தமிழில் எழுதும்போது இரண்டு விஷயம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். "தகவல் முகப்பைத் தாண்டிப் பத்து மீட்டர் சென்றபின் வலப்பக்கம் திரும்புங்கள்" என்றால் திரும்ப வேண்டிய பக்கம் கிட்டத்தட்டக் கடைசியில்தான் கேட்கும். கூட்ட இரைச்சலில் அது போய்விடும். "வலப்பக்கம். தகவல் முகப்பைத் தாண்டிப் பத்து மீட்டரில்" என்று பக்கத்தை முன்னால் போடுங்கள். "இடம்" என்ற சொல்லைத் தனியாக வைக்காதீர்கள், அது இடப்பக்கமா தலமா என்று இயந்திரக் குரலில் புரியாது. "இடப்பக்கம்" என்றே முழுதாகச் சொல்ல வேண்டும்.

"தெரியவில்லை" என்று சொல்லத் தெரிந்த பிணையம்

மின்தூக்கி ஓடுகிறதா, கதவு திறந்திருக்கிறதா, தரை ஈரமா என்பதையெல்லாம் உணரிப் பிணையம்தான் சொல்ல வேண்டும். சிறு உணரிகளுக்கு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் 802.15.4 வகை வானொலி போதும். அதில் 26ஆம் அலைத்தடம் 2480 மெகாஹெர்ட்ஸில் இருப்பதால் வைஃபையின் 1, 6, 11 ஆகிய அலைத்தடங்களிலிருந்து ஒதுங்கி நிற்கும். மின்தூக்கியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் நீங்களே கம்பி இழுக்க வேண்டாம். பராமரிப்பு ஒப்பந்ததாரரிடம் "சேவையில் உள்ளது" என்பதற்கான ரிலே முனையைக் கேட்டு வாங்குங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை ஒன்றுண்டு. உணரி கடைசியாகச் சொன்னது "ஓடுகிறது". பிறகு அதன் மின்கலம் தீர்ந்தது. மின்தூக்கியும் நின்றது. தரவுத்தளத்தில் இன்னும் "ஓடுகிறது". சக்கர நாற்காலியில் வருகிறவர் கட்டடத்தின் மறுமுனைவரை வந்து மூடிய கதவைப் பார்ப்பார். இதைத் தவிர்க்க ஒவ்வோர் உணரியும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் நிலை "தெரியவில்லை" என்று மாற வேண்டும். தெரியாத மின்தூக்கியை நம்பி வழி போடக் கூடாது. வேறு வழி இல்லையென்றால் அதைச் சொல்லிவிட்டு, உதவி முகப்பின் எண்ணைத் தர வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008, அதாவது சட்டம் 685, பொது வசதிகளை அணுகும் உரிமையைப் பேசுகிறது. செயலி இருக்கிறது என்பதற்காகத் தொடு ஓட்டையும் கைப்பிடியையும் குறைக்க அதில் இடமில்லை. இன்னொரு பக்கம், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010. பீக்கன் யாரையும் பார்ப்பதில்லை, அது கத்த மட்டுமே செய்யும். இடத்தைக் கணிப்பது கைப்பேசி. அந்தக் கணிப்பு கைப்பேசியிலேயே நிற்கிறதா, யாருடைய வழங்கிக்காவது போகிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் வரைபடத் தரவு கட்டடத்துக்கே சொந்தம் என்றும், ஐஎம்டிஎஃப் அல்லது இண்டோர்ஜிஎம்எல் என்ற இன்னொரு பொது வடிவில் எப்போது கேட்டாலும் தர வேண்டும் என்றும் இருக்கட்டும். விற்பனையாளர் போனாலும் வரைபடம் இருக்கும். ஏற்புச் சோதனைக்கு 30 புள்ளிகள், மலிவான ஆண்ட்ராய்டு உட்பட ஐந்து கைப்பேசிகள், வேலைநாள் காலையும் சனி மாலையும். சராசரிப் பிழையை ஏற்காதீர்கள். பத்தில் ஒன்பது அளவுகள் எத்தனை மீட்டருக்குள் வருகின்றன என்று கேளுங்கள். மாடி தவறும் அளவைத் தனியாகக் கேளுங்கள். இரண்டு நடைகூடங்களுக்கு நடுவே ஒரு சுவர்தான் என்றால் 2 மீட்டர் பிழை சுவருக்கு அப்பால் தள்ளிவிடும். வெள்ளைக்கோல் பயன்படுத்துகிறவர்களையும் சக்கர நாற்காலிக்காரர்களையும் கூலி கொடுத்து அழைத்துச் சோதியுங்கள், ஒரு காது திறந்திருக்கும்படி ஒலிக்கருவி போட்டுக்கொண்டு.

பிறகு மாதம் ஒரு நாள், பராமரிப்புப் பிரிவில் பெயர் குறித்த ஒருவர் எல்லா வழியையும் நடந்து வர வேண்டும். கையில் பீக்கன் பதிவேடு: எண், மாடி, மாட்டிய இடத்தின் படம், மின்கலம் போட்ட தேதி. கேட்காத பீக்கனுக்கு எதிரே ஒரு குறி. விழுந்து கிடந்தால் அன்றே பழைய இடத்தில், பத்து சென்டிமீட்டர்கூடத் தள்ளாமல்.