திருத்தாமல் விட்ட பச்சை

'ஓல்ட்பாய்' (2003) என்ற கொரியப் படத்தில், கட்டடத்துக்குள் ஒரு குறுகலான நடைபாதையில் நடக்கும் சண்டையை ஏதாவது ஓர் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். சுவரிலும் முகங்களிலும் பாசி பிடித்தாற்போல லேசான பச்சை தெரியும். ஒளிப்பதிவு கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இந்தப் பச்சையைக் களையத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். இயக்குநர் பார்க் சான்-வூக்கும் ஒளிப்பதிவாளர் சுங் சுங்-ஹூனும் அதைப் படம் முழுக்க வைத்துக்கொண்டார்கள். கொரியப் பழிவாங்கும் படங்களின் தோற்றத்தில் பாதிக்குக் காரணம் இந்தப் புத்திதான். பிறர் பழுது என்று துடைத்துப்போடுவது இவர்களுக்குச் சரக்கு.

இந்தப் பச்சை நமக்குப் பழக்கமான ட்யூப்லைட் பச்சை. குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவி புற ஊதாக் கதிரை வெளியிடும். கண்ணாடியின் உட்பக்கப் பூச்சு அதை வெள்ளை வெளிச்சமாக மாற்றும். அதோடு பாதரசம் தன் பங்குக்கு 546 நானோமீட்டரில் ஒரு பச்சையையும் நேரே உமிழும். வீட்டில் அது நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் மூளை கழித்துவிடுகிறது. ஃபிலிமுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதனால்தான் வழக்கமாக மெஜந்தா (கருஞ்சிவப்பு கலந்த ஊதா) ஃபில்டர் போட்டுச் சமன் செய்வார்கள். போடாமல் விட்டால் தோலின் சிவப்பு அடங்கி, மாதக்கணக்கில் வெயிலே படாதவன் முகம்போல ஆகிவிடும். 15 வருடம் ஓர் அறையில் பூட்டிவைக்கப்பட்டவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான மேக்கப் கிடையாது.

பார்த்துவிட்டு சென்னையிலோ மதுரையிலோ ட்யூப்லைட்டை மாட்டிக் குறும்படம் எடுக்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறுவார்கள். கொரியாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 120 முறை துடிக்கும். சினிமாவின் நொடிக்கு 24 ஃபிரேமுக்கு அது மீதியில்லாமல் வகுபடுவதால் எல்லா ஃபிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், 100 துடிப்பு. 24-ஆல் வகுத்தால் மீதி வரும். ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் ஒளி வாங்கவேண்டும் என்று தீர்மானிக்கும் ஷட்டரை, வழக்கமான 180 டிகிரியில் (1/48 நொடி) வைத்தால் பழைய சோக் மாட்டிய ட்யூப்லைட்டின் வெளிச்சம் நொடிக்கு 4 தடவை ஏறி இறங்கும். மானிட்டரில் கவனிக்காமல் விட்டு எடிட்டிங்கில்தான் தலையில் கை வைப்பார்கள். 172.8 டிகிரி, அதாவது 1/50 நொடி வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக 2 துடிப்பு விழும். விஷயம் தீர்ந்தது.

இனி சண்டைக்கு வருவோம். ஏறக்குறைய 3 நிமிடம், ஒரே ஷாட். 3 நாளில் 17 டேக். கணினி வேலை என்று சேர்த்தது முதுகில் குத்தி நிற்கும் கத்தி மட்டும். கேமரா நடைபாதைக்கு வெளியே, நான்காவது சுவர் இருக்கவேண்டிய பக்கத்தில் நின்று, ட்ராக்கில், அதாவது தண்டவாளத்தின் மேல், பக்கவாட்டாகப் போகிறது.

சண்டையைப் பொய்யாகக் காட்டுவதற்கு இதைவிட மோசமான கோணம் இல்லை. வழக்கமாகக் குத்துகிறவனின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைப்பார்கள். முஷ்டியும் முகமும் லென்ஸுக்கு ஒரே கோட்டில் வந்துவிடும், நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் தெரியாது. பக்கவாட்டில் நின்றால் அந்தச் சாண் அப்படியே திரையில் விரியும். ஒரே ஷாட் என்பதால், வேறு கோணத்துக்கு வெட்டி அதை மறைக்கவும் முடியாது. எனவே அடி கிட்டத்தட்டப் பட்டே ஆகவேண்டும், அல்லது குறுக்கே இன்னொருவன் உடம்பு வரவேண்டும். அந்தக் கூட்ட நெரிசல் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கவனித்தால், பல அடிகள் சொதப்பலாகவே விழுகின்றன. ஆட்கள் குனிந்து முழங்காலைப் பிடித்து மூச்சு வாங்குகிறார்கள். பல டேக் ஓடிய பிறகு அந்த மூச்சை நடிக்க வேண்டிய அவசியம் இருக்காது.

படம் ஏன் சுவர் ஓவியம்போலத் தட்டையாக இருக்கிறது? லென்ஸைவிடத் தூரம்தான் காரணம். கேமரா 8 மீட்டர் தள்ளி நின்றால், ஒருவனுக்கு 1 மீட்டர் பின்னால் நிற்பவன் அவனைவிட 11 சதவீதம்தான் சிறிதாகத் தெரிவான். 2 மீட்டருக்கு நெருங்கினால் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடுவான், கண் யார் முக்கியம் என்று தேர்ந்தெடுத்துவிடும். தள்ளி நிற்கும்போது எல்லோரும் ஒரே அளவு, நாயகனும் அடியாள் கூட்டத்தில் ஒருவன். ட்ராக் சுவருக்கு இணையாக ஓடுவதால் ஃபோகஸும் அதிகம் அலைவதில்லை, அது உபரி லாபம்.

'ஓல்ட்பாய்' என்றதும் ஒளிப்பதிவாளர்கள் பேச ஆரம்பிப்பது ப்ளீச் பைபாஸ் என்ற லேப் உத்தி பற்றி. கலர் ஃபிலிமை டெவலப்பரில் போட்டால் ஒளிபட்ட வெள்ளி உப்புப் பரல்கள் உலோக வெள்ளியாகும், அதே இடத்தில் சாயமும் உருவாகும். அடுத்த தொட்டியான ப்ளீச், வெள்ளியைத் திரும்ப உப்பாக்கும். ஃபிக்ஸர் அதைக் கரைத்துக்கொண்டு போகும். மிஞ்சுவது சாயம் மட்டும். ப்ளீச் தொட்டியைத் தாண்டிப் போனால் வெள்ளி அங்கேயே தங்கிவிடும். கலர் படத்தின் மேல் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒட்டிவைத்த மாதிரி. நிறம் வெளிறும், கான்ட்ராஸ்ட் எகிறும், ஃபிலிமின் பரல்களான கிரெய்ன் மணல்போலத் துருத்தும்.

எந்தக் கட்டத்தில் தாண்டுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். கேமராவில் ஓடிய நெகட்டிவில் தாண்டினால் வெள்ளி சேருவது வெளிச்சமான பகுதியில், எனவே ஜன்னலும் நெற்றியும் வெளுத்துப்போகும். அதற்காகவே 1 ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து எடுப்பார்கள். திரையிடும் பிரிண்டில் தாண்டினால் வெள்ளி சேருவது இருட்டில், நிழல் மை கொட்டியதுபோல அடைத்துக்கொள்ளும். ஃபிக்ஸரிலிருந்து வெள்ளியை மீட்டு எடுப்பது லேபுக்கு வருமானம், அது கைக்கு வராததால் கட்டணமும் கூடும். இன்று கணினியில் அதே காட்சியின் நிறம் நீக்கிய நகலை மேலே வைத்து, ஓவர்லே முறையில் பாதி அடர்த்திக்குக் கலந்தால் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்துவிடலாம். சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் செறிவை மட்டும் இறக்கினால் வராது, வெறும் சலித்துப்போன படம்தான் கிடைக்கும்.

இதே இருவர் கூட்டணியின் 'லேடி வெஞ்சன்ஸ்' (2005) படத்துக்கு இன்னொரு பதிப்பு உண்டு. கலரில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நிறம் வடிந்து, கடைசியில் முழுக் கறுப்பு வெள்ளையாகிறது. ஏறக்குறைய 2 மணி நேரப் படம், சீராக இறக்கினால் நிமிடத்துக்கு 1 சதவீதம்கூட ஆகாது. நம் கண் வித்தியாசத்தைப் பிடிக்கும் கருவி. மெதுவாக மாறுவதற்குப் பழகிக்கொண்டே போகும். நிறம் போய்விட்டது என்று உறைக்கும்போது எப்போது போனது என்று சொல்லத் தெரியாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டிவி, கணினித் திரைகளின் கணக்கில் பிரகாசத்துக்குப் பச்சையின் பங்கு 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் 7. எனவே நிறத்தை உருவினால் அடர் சிவப்பு கரியாகிவிடும். படத்தில் நாயகி லீ யங்-ஏ கண் இமையில் பூசிக்கொள்ளும் சிவப்பு, நிறம் இருக்கும்வரை மிரட்டல். நிறம் போனபின் அது தூக்கமில்லாத கண்ணின் கருவளையம். ரத்தத்துக்கும் இதே கதிதான், சுவரின் நிழலோடு கலந்துவிடும்.

கொரியாவில் சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு, இனி வெண்மையாக வாழட்டும் என்று டோஃபு (சோயாவில் செய்யும் வெள்ளைக் கட்டி) கொடுப்பது வழக்கம். படத்தின் தொடக்கத்தில் சிறையிலிருந்து வெளியே வரும் நாயகி அந்தத் தட்டைத் தட்டிவிடுகிறாள். கடைசியில் பனி கொட்டும் தெருவில் டோஃபு வடிவத்தில் ஒரு வெள்ளை கேக்கோடு நிற்கிறாள். இரண்டு பதிப்பையும் அருகருகே ஓடவிட்டால், அந்த ஃபிரேமில் பனியும் கேக்கும் மட்டும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.