மிஸ்ஸிங் இல்லை, மஸ்டாங்!

திருவொற்றியூரில் நண்பன் ஒருவன் கைமாறி வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி கார் வாங்கினான். ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அதை விரட்டி ஓட்ட வழியில்லை. சிக்னலில் நின்று சத்தம் கேட்கலாம், அவ்வளவுதான். அதையும் சைலன்சர் மாற்றித் தன் ருசிக்குக் கொண்டுவர அவனுக்கு ஆசை. தெருமுனையில் புல்லட் வேலை பார்க்கும் பெரியவர் வண்டிக்குப் பின்னால் நின்று காது கொடுத்தார்.

"இன்னா நைனா, இத்தினி துட்டு குட்து வாங்கிக்கீற, மிஸ்ஸிங் அடிக்குதே?"

சிலிண்டர் ஒன்று வெடிக்காமல் தவறுவதுதான் மிஸ்ஸிங். அவர் காதைக் குறை சொல்ல முடியாது. இந்தியப் புல்லட் பிறந்த ஊர்க்காரர். 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை இங்கேதான்.

புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு. மஸ்டாங்கின் வி8இல், அதாவது வி வடிவில் எட்டு சிலிண்டர் கொண்ட இன்ஜினில், அதே இரண்டு சுற்றில் எட்டு. இரண்டு சுற்றின் 720 டிகிரியை எட்டால் வகுத்தால் 90. சரியாக 90 டிகிரிக்கு ஒன்று வெடிக்கிறது. எட்டின் புகையும் ஒரே குழாயில் வந்தால் சீரான ரீங்காரம்தான் கேட்கும்.

ஆனால் பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், பக்கத்துக்கு ஒரு குழாய். மஸ்டாங்கில் வெடிக்கும் வரிசை 1-5-4-8-6-3-7-2. ஒன்று முதல் நான்கு வரை வலப்பக்கம், மற்றவை இடப்பக்கம். விரல் விட்டு எண்ணுங்கள்: வலம், இடம், வலம், இடம், இடம், வலம், இடம், வலம். அடுத்து மறுபடியும் வலம். ஒவ்வொரு பக்கத்திலும் ஓரிடத்தில் இரண்டு அடுத்தடுத்து விழுகின்றன. வேறோரிடத்தில் நீண்ட மௌனம். வலக்குழாயின் இடைவெளிகள் 180, 270, 180, 90 டிகிரி. பறையில் தாளத்தைப் பிறப்பிப்பதும் அடிகளுக்கு நடுவே விடும் இடம்தானே!

பிஸ்டன் தண்டுகள் பிடித்திருக்கும் கிராங்க் பின்கள் சிலுவை போல 90 டிகிரியில் அமைந்திருப்பதால் வருவது இது. அதிர்வைக் குறைக்கவே 1923இல் காடிலாக் இந்த அமைப்பைக் கொண்டுவந்தது. உறுமல் இலவச இணைப்பு. ஃபெராரி வி8களில் பின்கள் ஒரே தளத்தில் இருக்கும். அவை வீறிடும், உறுமாது.

இந்தக் கோலம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை திரும்ப வரும். நிமிடத்துக்கு 700 சுற்றில் ஐட்லிங் ஓடினால் நொடிக்கு ஏறத்தாழ ஆறு தடவை. அதே வேகத்தில் புல்லட்டின் 'டுக் டுக்'கும் நொடிக்கு ஆறுதான்! பெரியவர் காதுக்குப் பழகிய கணக்கு. நம் காது சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சுருதியாக அறியாது, துடிப்பாகவே அறியும். 2,400 சுற்றைத் தாண்டும்போது அந்தத் தாளமே அடித்தொண்டைச் சுருதியாக மாறுகிறது.

இனி சைலன்சர். சத்தத்தை அடக்கும் மஃப்ளரைக் கழற்றி எறிந்தால் சத்தம் கூடும், தாளம் மாறாது. போலீஸ் அபராதமும் தெருவாசிகளின் வசவும் உறுதி. குணத்தை மாற்றுவது நடுக்குழாய். இரண்டு குழாய்களையும் எக்ஸ் வடிவில் கலந்தால் ஒரு பக்கத்து மௌனத்தை மறுபக்கத்து அடி நிரப்பும், ஒலி வழவழப்பாகும். எச் வடிவில் சிறு பாலம் மட்டும் போட்டால் கலப்பு குறைவு, உறுமல் பிழைக்கும். என் ஓட்டு எச்சுக்கே.

இதையெல்லாம் சொன்னதும் பெரியவர் குனிந்து, ஒவ்வொரு குழாய்க்கும் உள்ளங்கையைக் காட்டினார்.

"ரெண்டு பக்கமும் நொண்டுது. சேந்து நொண்டல." நிமிர்ந்து, கையை லுங்கியில் துடைத்தார். "எக்ஸு வேணாம் நைனா. நொண்டட்டும்."