“கையே ஓட மாட்டேங்கு டாக்டர்”

“எனக்கு மனச்சோர்வு”ன்னு சொல்லிக்கிட்டு எங்க ஓபிக்குள்ள வந்தவங்கள விரல் விட்டு எண்ணிரலாம். நெஞ்செரிச்சல், பிடரி வலி, கிறுகிறுப்பு, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, இப்படித்தான் வருதாங்க. முக்கூடல் பக்கத்துல இருந்து ஒரு அக்கா (ஆள் தெரியாம இருக்க கொஞ்சம் மாத்தி எழுதுதேன்), பீடி சுத்துதவங்க, நாளைக்கு எண்ணூறு தொள்ளாயிரம்னு அசால்ட்டா சுத்துன கை நாலு மாசமா முந்நூறத் தாண்டல, தட்ட மடில வச்சுட்டு அப்படியே உக்காந்திருக்காங்க, வீட்ல சோம்பேறின்னு ஏச்சு, ஈசிஜி எண்டோஸ்கோப்பி எல்லாம் பாத்து எல்லாம் நார்மல், கையில கருப்புக் கயிறு வேற ரெண்டு. கயித்து மேல எனக்குக் கோவம் இல்ல, கோயிலுக்கும் போங்க இங்கயும் வாங்கன்னுதான் சொல்லுவேன்.

காலைல எத்தன மணிக்கு முழிப்பு தட்டுதுன்னு கேட்டேன். “மூணு மணிக்கே.” அப்பம் எப்படி இருக்கும்? “விடியவே கூடாதுன்னு இருக்கும்.” பக்கத்துல இருந்த மதினி டக்குனு அவங்க கையப் பிடிச்சுட்டாங்க, தினம் பாக்க ஆளுதான், ஆனா இத அன்னைக்குத்தான் கேக்காங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல மனசு கனமாவே கெடந்து, பிடிச்ச விஷயத்துலயும் ருசி போயி, தூக்கமும் பசியும் மாறி, வேலையும் ஓடலன்னா காட்டிரணும். தைராய்டு, ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரி தெரியும்ங்கறதால ரத்தமும் பாப்போம். ஆம்பளைங்க கத வேற, எரிஞ்சு விழுவாங்க, குடி கூடும், குடிக்க குடிக்க சோர்வும் கூடும்.

சாகணும்னு தோணுதான்னு நேரா கேக்கலாம், கேட்டதால புதுசா அந்த நெனப்பு வந்துராது, பாதிப் பேரு கேக்க மாட்டாங்களான்னுதான் இருப்பாங்க. ஆமான்னு சொன்னா அவங்கள தனியா விடாதீங்க, பூச்சிமருந்து மாத்திரையெல்லாம் எட்டாத எடத்துல வைங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

மனச்சோர்வுக்குக் குடுக்க மாத்திரை விஷயத்துல ஒண்ணு. வேல செய்ய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், ஆனா வயித்தப் பெரட்டுதது முத வாரமே வந்துரும், அங்கயே நெறைய பேரு நிப்பாட்டிருதாங்க. நல்லானப்புறமும் கொறஞ்சது ஆறு மாசம் போடணும், நிறுத்துததா இருந்தா டாக்டர்ட்ட கேட்டு மெதுவா. பழக்கமாயிரும்னு பயப்படுதது தூக்க மாத்திரைக்குத்தான் பொருந்தும், இது அது இல்ல.

அந்த அக்காவுக்கு மாத்திரையோட நான் சொன்னது நாளைக்கு நூறு பீடி, அவ்ளோதான், மனசு வந்தப்புறம் செய்யலாம்னு காத்திருக்காதீங்க, நூறு சுத்துனா மனசு பின்னால வரும். மதினிக்கும் ஒரு வேலை, புத்தி சொல்லாதீங்க, சாயங்காலம் பக்கத்துல உக்காந்து நீங்களும் எல வெட்டுங்க. நாலாவது வாரம் ஐநூறு.

ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணும்னா தெம்பு வேணும், இந்த நோய் மொத புடுங்குததே அதத்தான், அதனால கூட ஒரு ஆள் வரணும். திருநெல்வேலி பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. ராத்திரி பேச ஆளில்லன்னா 14416க்குப் போன் போடுங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், 2022ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம். ஆள் வர மாட்டேன்னு அடம்பிடிச்சா பழைய ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துட்டு மொதல்ல நீங்க மட்டும் வாங்க, எப்படிக் கூட்டிட்டு வரலாம்னு பேசுவோம்.